பெயர் தேய்ந்த கல்

இத்தாலியில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தக் கோயில், தொள்ளாயிரம் வருசத்துக்கு முன் நார்மன் அரசர்கள் காலத்தில் கத்தோலிக்கத் துறவிகள் கட்டிய மடத்தினுடையது. மடம் போய்விட்டது, கோயில் மட்டும் மிஞ்சியது. தொண்ணூறுகளில் ஞாயிறு பின்னேரங்களில் அங்கே எங்களுக்குத் தமிழ்ப் பூசை நடந்தது. பூசைக்கு முன் இத்தாலியச் சுவாமியார் கோயிலின் வரலாற்றைத் தொடங்கினால் லேசில் விடமாட்டார். எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, கிடைக்குமா என்ற கவலை. அவருக்கு எந்தத் தூணை எந்த அரசர் நட்டார் என்ற கவலை.

தரை முழுவதும் துறவிகளின் கல்லறைப் பலகைகள். ஊர் ஆட்கள் சப்பாத்தோடு நடந்து நடந்து பெயர்கள் தேய்ந்துவிட்டன. நாங்கள் மன்னார் ஆட்கள், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கல்லறைகளை மிதிக்காமல் ஒதுங்கி நடப்போம்.

என் அண்ணா மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் படகில் புறப்பட்டவர். படகு கரை சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி, என் மச்சாள், ஒரேத்தோத் தெருவில் என்னோடு ஒரே அறையில் இருந்தார். பெண்கள் இருவருக்கும் சிஞ்ஞோராக்களின், இத்தாலிய எசமானிகளின், வீடுகளில் வேலை. அண்ணா இந்தியாவில் ஏதாவது அகதி முகாமில் இருப்பார் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மச்சாள் என்னோடு வாதாடவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. ஊரில் என்றால் அன்றைக்குச் சேமக்காலைக்குப் போய், சொந்தக்காரரின் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்துவோம். மச்சாளுக்குக் கொளுத்துவதற்குக் கல்லறை இல்லை. பூசை முடிந்ததும், பெயர் முழுதாகத் தேய்ந்த ஒரு பலகைக்கருகே அவர் முழந்தாளிட்டார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, திரியைக் கொளுத்தி நட்டார்.

ஆத்திரத்தோடு திரியை அணைக்கச் சொன்னேன்.

"நூருங்கோ மச்சாள். அண்ணா உயிரோடை இருக்கிறார்."

"எனக்கு ஒரு இடம் வேணும்," என்றார்.

கோயிலைப் பராமரிக்கும் கிழவர் வெளிச்சத்தைக் கண்டு வந்தார். கோபப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து தரை பெயர்ந்ததாம். பிறகு பலகைகளைக் கண்டபடி பதித்தார்களாம். இந்தக் கல்லுக்கடியில் வெறும் மண்தான், இதில் திரி வைத்துப் பயனில்லை என்றார்.

மச்சாளுக்கு இத்தாலியன் அவ்வளவாக விளங்காது. "என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னால் எழும்பிவிடுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"இதுக்குக் கீழை ஒருத்தரும் இல்லையாம்."

மச்சாள் உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்தார்.

"அப்ப உங்கட அண்ணாவுக்கு இடம் இருக்கு."

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன். அதுவரைக்கும் அண்ணாவுக்காக நான் அழுததில்லை.