கிழக்குச் சுவரின் இடைச்செருகல்

மார்கழி மூன்றாம் வாரம்: வீட்டின் இணை உரிமையாளர் காலமானார்.
தை முதல் வாரம்: பழைய மலைவீடுகளைப் பாதுகாக்கும் குழுவிடமிருந்து கடிதம் வந்தது.
தை இறுதி வாரம்: குழுவினர் இருவர் வீட்டைப் பார்வையிட்டனர், கிழக்குச் சன்னலைப் படம் எடுத்தனர்.
மாசி முதல் வாரம்: வீடு பாதுகாப்புப் பட்டியலுக்குத் தகுதியுடையது என்று அறிவித்தனர்.
மாசி இரண்டாம் வாரம்: அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர்.

இணை உரிமையாளர் என் மனைவி.

கொடைக்கானல் ஏரிக்கு மேலுள்ள சரிவில், கல்சுவரும் தகரக்கூரையுமாக நிற்கும் இந்த வீட்டைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரர். கோடையில் சில வாரம் தங்குவதற்கே கட்டினார் என்பது மற்ற மாதங்களில் குடியிருந்தவர்களுக்கு விளங்கும். ஏரி தெரியவேண்டும் என்று வீட்டை வடக்கு நோக்கி வைத்து, வெயில் வரும் கிழக்கை முழுச்சுவராக அடைத்திருந்தார். சமையல் வாசனை எட்டாதபடி அடுக்களையைப் பின்னால் தனியே ஒதுக்கியிருந்தார். ஒவ்வோர் அறையிலும் கணப்பு உண்டு. நெருப்பு மூட்டினால் புகை அறைக்குள்ளும் வெப்பம் வானத்துக்கும் போகும். அறிஞர்கள் இதை ஒரு மரபு என்கிறார்கள்.

என் மனைவி இவ்வூர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நான் சமவெளிக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்து, சனிக்கிழமைதோறும் மலையேறி வந்தவன். குளிரில் இங்கே இருந்தவள் அவள்தான். ஒரு சனிக்கிழமை வந்தபோது கிழக்குச் சுவரில் ஓட்டை இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதில் சன்னல் இருந்தது. பெருமாள்மலையில் பழைய மரம் விற்கும் கடையில், இடிக்கப்பட்ட ஏதோ ஒரு பங்களாவின் தேக்குச் சன்னலைப் பார்த்து வாங்கி, ஜீப்பின் மேல் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். தாழ்வாகப் பொருத்தினாள், உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறவர் முகத்தில் காலை வெயில் படவேண்டும் என்பது அவள் கணக்கு. என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றும் நூல்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

மூலநூலில் பிற்காலத்தார் புகுத்திய பாடலை எங்கள் துறையில் இடைச்செருகல் என்போம். அதைக் கண்டுபிடித்து நீக்குவது புலமை. வாசகர்கள் மனப்பாடமாக வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பாடலைத்தான் என்பதை வகுப்பில் சற்றுத் தணிந்த குரலில் சொல்வேன்.

குழுவின் விதியும் அதுவே: பிற்காலச் சேர்க்கைகளை நீக்கினால்தான் வீடு பட்டியலில் ஏறும். ஏறிவிட்டால் எவரும் இடிக்க முடியாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. துக்கம் கேட்க வந்த என் தம்பி மகன்கள், எத்தனை அறை, அதில் எத்தனை கட்டில் போடலாம் என்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். எனவே குழுவை வரவேற்றேன்.

வந்தவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த இளம் கட்டடக்கலைஞர். மற்றவர் குழுவின் செயலாளர். அடுப்பே இல்லாத புகைக்கூண்டுகள் பல கொண்ட விடுதி ஒன்றின் உரிமையாளர். கட்டடக்கலைஞர் அடுக்களை மேடையை நீக்கச் சொன்னார். குளியலறைச் சுவரோடுகளை நீக்கச் சொன்னார். கிழக்குச் சன்னலை அடைந்ததும் சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஆணியே இல்ல சார். மரத்துலயே முளை அடிச்சுச் சேத்திருக்காங்க. வீட்டைவிடப் பழைய வேலை மாதிரி இருக்கு.”

“அப்ப இதான் ஒரிஜினல்,” என்றார் செயலாளர். “வெயில் வர்ற எடம் பாத்து வச்சிருக்கான் பாருங்க. வெள்ளைக்காரன் டேஸ்ட்டே தனி சார்.”

நான் தேநீர் கொடுத்தேன். பின்பு, பூம்பாறையில் அடுப்புக்கு மேல் பரண் போட்டுப் பூண்டைப் புகையில் காயவைக்கும் மண்வீடுகளும் பட்டியலில் உண்டா என்று கேட்டேன்.

“அது வீடு சார். ஹெரிடேஜ் இல்ல,” என்றார் செயலாளர்.

“அப்ப இது வீடு இல்லீங்களா?” என்றார் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள். அவர் பூம்பாறைக்காரர். செயலாளர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

அறிவிப்போடு, வாசலில் பதிக்க வேண்டிய பலகையின் வாசகமும் வந்தது: ‘கட்டியவரின் அழகுணர்வுக்குக் கிழக்குச் சன்னலே சான்று.’ நான் வாய் திறக்காவிட்டால் வீடும் நிற்கும், சன்னலும் நிற்கும். அதை வைத்தவள் மட்டும் இருக்கமாட்டாள். சில நாள் வாய் திறக்கவில்லை. பிறகு செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அந்த ஜன்னல் வெள்ளைக்காரர் வச்சதில்லைங்க. என் மனைவி வச்சது.”

“யாரு சார் உங்களக் கேட்டா?”

“யாரும் கேக்கல.”

“பின்ன என்ன சார்? எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சிருக்கு.”

“அவங்க கணக்கு டீச்சர். விடை சரியா இருந்தாலும் வழி தப்புன்னா மார்க் போடமாட்டாங்க.”

“அப்ப அது அடிஷன் சார். செங்கல் வச்சு அடைச்சாத்தான் லிஸ்ட்ல வரும்.”

“அப்ப வேண்டாங்க.”

தொலைபேசியை வைத்ததும் அந்த அம்மாள் அடுக்களையிலிருந்து வந்தார். அன்று ஜீப்பிலிருந்து சன்னலின் ஒரு முனையைப் பிடித்து இறக்கியவர் அவர்.

“வெரசா முடிய வேண்டிய சோலிய இப்புடிக் கெடுத்துப்புட்டீங்களே சார். அம்மா இருந்திருந்தா வெள்ளைக்காரன் பேரச் சொல்லியே இன்னும் ரெண்டு சன்னல் வச்சிருப்பாங்க.”

உண்மைதான்.

செய்யாமல் நிற்பவை:

பலகை வாசகத்தைத் திருத்திக் குழுவுக்கு அனுப்புவது. அவர்கள் கேட்கவில்லை.

குழுவின் முடிவைத் தம்பி மகன்களுக்குத் தெரிவிப்பது.

குடும்ப அட்டையில் ஒரு பெயரை நீக்க விண்ணப்பிப்பது.

சன்னலின் கீழ்க் கீலுக்கு எண்ணெய் விடுவது. தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது; அவள் எதை விட்டாள் என்று தெரியவில்லை.

உயில்.