அஞ்சலை அத்தைக்கு அண்ணன் சொல்லாத பதில்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம். அண்ணனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் ஒப்படைத்தார். நாள் கிழமை பார்த்து எதையும் எழுதி வைப்பது என் நெடுநாள் பழக்கம் என்பதால் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் இதில் ஒரு பகுதி அண்ணனே தம் வாயால் எழுதச் சொன்னது. அந்தப் பகுதிக்காகவே மற்றவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அண்ணனின் அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த நாள் சரியன்று. தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், நாலாம் டிவிசன் தொழிலாளர் லயத்தில், ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை அண்ணன் பிறந்தார். அப்பா பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பிறப்பைப் பதியத் தோட்ட ஆபீசுக்குப் போனார். அங்கு எழுத்தராக இருந்த கிராணி அன்றைய தேதியையே பிறந்த தேதியாக எழுதிவிட்டார். அண்ணன் அதை மாற்ற முயலவே இல்லை. "எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்" என்பார்.

அப்பா அந்த டிவிசனில் மண்டோர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. தோட்டக் காற்பந்துக் குழுவுக்கு ஆள் பொறுக்குவதும் அவரே. அண்ணனுக்குப் பதினேழு வயதானபோது அவரைத் தற்காப்பு ஆட்டக்காரராக இறக்கினார். அன்று திடலோரத்தில் எழுந்த குரல் எனக்கு இன்றும் கேட்கிறது.

"மண்டோரு மவன்னா பந்து தானா வந்து கால்ல ஒட்டிக்குமா லா?"

திடலே சிரித்தது. அண்ணன் அந்த ஆட்டத்தை நன்றாகவே ஆடினார், நாங்கள் வென்றோம். இருந்தும் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் அப்பாவிடம், "இனிமே என்ன நீங்க பொறுக்காதீங்கப்பா. கிராணி பொறுக்கட்டும்" என்றார். 'நம்ம ஆளு' என்பதற்காக ஒருவனை முன்னே வைப்பதும் பின்னே வைப்பதும் கேவலம் என்று அந்த வயதில் அவர் மனத்தில் பதிந்தது. பின்னால் நடந்தது அனைத்துக்கும் வேர் அந்த ஒரு சொல்லில் இருப்பதாகவே நான் எண்ணுகிறேன்.

அன்று இடது ஓரத்தில் ஆடியவர் சன்னாசி. எங்கள் லயத்துக்கு எதிர் லயம். அண்ணனைவிட ஒரு வயது இளையவர். அப்பா இல்லை, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த தாயார் அஞ்சலை அத்தை. லெட்சுமி என்றொரு தங்கை. சன்னாசி பந்தோடு ஓடினால் எதிர்க் குழுவினர் காலைப் பார்ப்பதா பந்தைப் பார்ப்பதா என்று தடுமாறுவார்கள். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அண்ணன் தம்பினில் ஆங்கிலப் பள்ளிக்குச் சைக்கிளில் போய்ப் படித்து, இராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானார். எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போனவர் அதற்கு முன்பு யாருமில்லை.

அண்ணனுக்கு இருபத்து நான்கு வயது. லெப்டினன்டாக முப்பது பேர் அவர் கையில். அதோடு படைப்பிரிவின் காற்பந்துக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் வேலையும் வந்தது. இடது ஓரத்துக்கு ஆளில்லை. பொங்கல் விடுப்பில் வந்தவர் நேரே அஞ்சலை அத்தை வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன். அத்தை பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காட்டுக்கு அனுப்புவாங்களா, தம்பி?"

"பந்து விளையாடத்தான் எடுக்கறோம் அத்தை. சம்பளம், சாப்பாடு, பூட்சு எல்லாம் குடுப்பாங்க."

"நீ இருப்பீல்ல?"

"நான் இருப்பேன்."

சன்னாசி கதவில் சாய்ந்துகொண்டு, "பூட்சு ரெண்டு காலுக்குமா, லெஃப்ட்டுக்கு மட்டுமா?" என்றார். அத்தைகூடச் சிரித்தார். தைப்பூசத்துக்கு அடுத்த திங்கட்கிழமை சன்னாசி தோட்டத்தை விட்டுப் புறப்பட்டார்.

ஆறு மாதம் அவர் பந்துதான் ஆடினார். பின்பு படைப்பிரிவு முழுவதும் வடக்கே தாய்லாந்து எல்லைக் காட்டுக்கு அனுப்பப்பட்டது. கம்யூனிஸ்டுகள் மறுபடியும் ஆயுதம் ஏந்தியிருந்த காலம் அது. பந்து ஆடுகிறவர், சமைக்கிறவர் என்ற பாகுபாடு அங்கே இல்லை. சன்னாசி அண்ணனின் முப்பது பேர் அணிக்கே வந்து சேர்ந்தார்.

படை நடத்துவது பற்றி நான் நிறையவே வாசித்திருக்கிறேன். அந்நூல்கள் தளபதிகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கின்றன. ஒற்றையடிப் பாதையில் யார் முதலில் நடப்பது என்று ஒவ்வொரு காலையும் விரல் நீட்டிச் சொல்ல வேண்டிய இருபத்தைந்து வயதுக்காரனுக்கு அவற்றில் அரைப்பக்கம் கிடைத்தால் அதிகம். காட்டில் வரிசையாக நடக்கும்போது முதல் ஆளுக்குத்தான் ஆபத்து. கண்ணிவெடி முதலில் அவர் காலடியில் இருக்கும். ஆகவே அண்ணனின் அணியில் எட்டுப் பேர் முறை வைத்து முன்னே நடந்தார்கள். அந்த எட்டில் சன்னாசி பெயர் இல்லை. ரேடியோ தூக்கும் ஆளாக அவரைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார் அண்ணன். அத்தைக்குக் கொடுத்த வாக்கு அவர் மனத்தில் இருந்தது.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. ஒரு மாலை மலாய்க்கார கார்ப்ரல் ஒருவர் சோற்றுத் தட்டோடு வந்து அண்ணன் அருகில் உட்கார்ந்தார். அண்ணனைவிட வயதில் மூத்தவர், நல்ல மனிதர். மலாயில் அவர் சொன்னதை, ஐயா என்று பொருள்படும் 'துவான்' மட்டும் மாறாமல், அண்ணன் என்னிடம் தமிழில் இப்படித்தான் சொன்னார்:

"துவான் ஊர்க்காரனுக்குக் காடு ஒத்துக்காது போல. துவான் நிழல்லயே நடக்கறான்னு பசங்க சிரிக்கறானுங்க."

திடலோரத்துச் சிரிப்பு எட்டு ஆண்டு கழித்துக் காட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை அண்ணன் ரேடியோவை வேறொருவர் முதுகில் ஏற்றினார். சன்னாசியை முன்னே போகச் சொன்னார். மற்றவர்கள் முன்னிலையில் 'துவான்' என்று அழைக்கும் சன்னாசி, அருகில் வந்து தமிழில் மெல்லக் கேட்டார்.

"இன்னைக்கி நான் சென்டர் ஃபார்வேர்டாடா?"

"பாத்து நட."

அண்ணன் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். காலை ஒன்பதரைக்குப் பிறகு வெடித்தது. உடனே மேட்டிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். அண்ணன் தவழ்ந்து போய்ச் சன்னாசியை இழுத்து வந்து, சுட்டுக்கொண்டே முழு அணியையும் ஓடைக்குப் பின்னால் கொண்டு சேர்த்தார். வேறு யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அண்ணி அதைச் சட்டம் போட்டு மாட்ட எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அலமாரியின் அடித்தட்டைவிட்டு அது வெளியே வந்ததில்லை. ஹெலிகாப்டர் வருவதற்குள் சன்னாசி இறந்துவிட்டார். அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது.

சடலத்தோடு தோட்டத்துக்கு வந்தவர் அந்தக் கார்ப்ரல். அண்ணனுக்குக் காட்டிலிருந்து வர அனுமதி கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தார். சீருடையைக் கழற்றி, வேட்டி கட்டி அத்தை முன் நின்றார். அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன ஏன் முன்னால விட்டாங்க, தம்பி?"

"மேலருந்து உத்தரவு வந்துச்சு, அத்தை."

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றிரவு என் நாட்குறிப்பில் அதை அப்படியே எழுதினேன். உண்மை என்றே எழுதினேன்.

அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் சன்னாசி இறந்த நாளில் அண்ணன் அஞ்சலை அத்தை வீட்டுக்குப் போனார். தோட்டத்தை விற்ற பிறகு அத்தையும் லெட்சுமியும் தெமியாங் பகுதியில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள், அங்கேயும் போனார். மொத்தம் முப்பத்து நான்கு முறை. அவற்றில் இருபத்தெட்டு முறை நான் உடன் இருந்தேன். அத்தை டீ கொடுப்பார். படத்துக்குப் பூப் போடுவோம். விலைவாசி, மழை, முழங்கால் வலி என்று பேச்சு போகும். விடைபெற எழுந்ததும் அத்தை வாசல்வரை வந்து ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"வேற ஏதாவது சொல்லணுமா, தம்பி?"

"இல்ல, அத்தை. ஒடம்ப பாத்துக்குங்க."

வயதானவர்களின் வழக்கமான உபசாரம் என்று நான் நினைத்தேன். எழுதி வைக்கவும் தோன்றவில்லை.

இராணுவத்தை விட்டு வந்து ராசா என்ற ஊரில் குடியேறிய பிறகு அண்ணன் இருபது ஆண்டுக்கு மேல் அங்குள்ள இளைஞர் காற்பந்துக் குழுவுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர் முறையை அறிந்தவர்கள் பலர் இம்மலரை வாசிக்கிறீர்கள். வியாழக்கிழமை பட்டியல் ஒட்டப்படும். அதற்கு முன், பெயர் விடுபட்டவர் வீட்டுக்கெல்லாம் அண்ணன் மோட்டார் சைக்கிளில் போய், காரணத்தை நேரில் சொல்வார். ஒருமுறை அடைமழையில் அண்ணன், கோல்கீப்பர் ஒருவரின் வீட்டு வாசலில் நனைந்து நின்றார். அந்தப் பையனின் தாயார் துண்டை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"டீம்ல இல்லேன்னு சொல்லவா இந்த மழையில வந்தீங்க? போன்ல சொல்லிருக்கலாம் லா, சார்."

"போன்ல சொன்னா அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதும்மா. பாக்கணும். விட்டது நாந்தான?"

அந்தக் கோல்கீப்பருக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அண்ணனின் உடலை வீட்டிலிருந்து தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். அண்ணனின் நேர்மைக்குச் சான்றாக இக்கதையை எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொன்னதுண்டு. ஒருவர் முகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாததால்தான் மற்ற எல்லாருடைய முகத்தையும் தேடிப் போனார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அஞ்சலை அத்தை எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார். அண்ணன் சுடுகாடுவரை நடந்தே போனார்.

சென்ற ஆண்டு மாசி மாதம் அண்ணனின் நுரையீரல் மிகவும் கெட்டுவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, "தெமியாங்குக்குப் போவோம்" என்றார். லெட்சுமி இருப்பது மூன்றாம் மாடி; மின்தூக்கி இல்லை. கீழே காரை நிறுத்தி நான் கூப்பிட்டேன். லெட்சுமி ஃபிளாஸ்க்கில் டீயோடு இறங்கி வந்து பின் இருக்கையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்கண்ணன முன்னால நிறுத்துனது மேலிடம் இல்ல, லெட்சுமி" என்றார் அண்ணன். "நாந்தான்."

லெட்சுமி மூடியில் டீயை ஊற்றி முடித்தார்.

"தெரியும்ணே. பொணத்தோட வந்த கார்ப்ரல் அன்னைக்கே சொல்லிட்டாரு. நான்தான் வாய்ய வெச்சிக்கிட்டு சும்மா இல்லேன்னு, அம்மா கால்ல விழுந்து அழுதாரு. அம்மாவுக்கு மலாய் வராது. நாந்தான் தமிழ்ல சொன்னேன்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல?"

லெட்சுமி அவரைப் பார்த்தார்.

"வருசா வருசம் கேட்டாங்களேண்ணே."

முன் இருக்கையில் இருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"நீயாவது என்ன மன்னிக்கணும்மா."

"மன்னிக்க நான் அம்மா இல்லியேண்ணே. டீய குடிங்க, ஆறிடும்."

வரும் வழியில் அண்ணன் என்னிடம் மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "முன்னால நிறுத்துனது தப்பில்ல. அவன் மொறையும் வரணும். மத்தவனுங்க ரெண்டு மாசம் முன்னால நடந்து நடந்து கம்பி எது, கொடி எதுன்னு பழகிட்டானுங்க. இவன மட்டும் நான் பெஞ்சில உக்கார வெச்சிருந்தேன். பழகாத காலோட எறக்குனேன். பாசத்துல ஒரு தப்பு. சிரிச்சிட்டானுங்களேன்னு ரோசத்துல ஒரு தப்பு. அப்புறம் அத்தைகிட்ட சொன்ன பொய்யி. அந்த வெடியில எனக்குக் கொஞ்சம் விதியும் இருக்கலாம். பொய்யில விதி ஒன்னும் இல்ல. நீ எழுதுவீல்ல, எனக்குப் புஸ்தகம் போடுறப்ப? இத எழுது. மத்தது விட்டாலும் இத விடாத."

பத்தொன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை விடியற்காலை, அண்ணனின் உயிர் பிரிந்தது. அருகில் அண்ணியும் இரு மகள்களும் நானும் இருந்தோம்.

எழுதிவிட்டேன். என் பழைய நாட்குறிப்பில், பதினாறாம் நாள் காரியம் நடந்த பக்கத்தில், 'மேலிருந்து உத்தரவு' என்ற வரியின் கீழ் ஒரு கோடிட்டுச் சரியானதையும் எழுதினேன். அண்ணனின் பிறந்த தேதியைத் திருத்தியதுபோல் இதுவும் ஒரு திருத்தம்தான் என்று மனத்தைத் தேற்றப் பார்க்கிறேன். முடியவில்லை.

அண்ணனின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் உடனிருந்த ராசா அண்டை வீட்டாருக்கும், கனிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும், இறுதிச் சடங்கைத் தம் வீட்டுக் காரியமாக எடுத்து நடத்திய பழைய ஆட்டக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தார் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அன்று படியிறங்கி வந்த தங்கை லெட்சுமிக்கு நன்றி. இம்மலரின் முதல் பிரதியை அவரிடம் கொண்டு சேர்க்கிறேன். சன்னாசி படத்துக்குக் கீழே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அஞ்சலை அத்தைக்கு: நீங்கள் முப்பத்து நான்கு முறை வாசலில் நின்று கேட்டீர்கள். ஆமாம் அத்தை, அண்ணனுக்கு வேறு ஒன்று சொல்ல இருந்தது.