அனுமதி தேவைப்படாத மலை

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு மலை இருந்தது. மீதிப் பேருக்கு விமானம் ஏறிப் போய்வர ஓர் ஊர் இருந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டும் இல்லை. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மலைக்குப் போவது வெள்ளைக்காரரின் வேலை என்று அப்பா சொல்லிவிட்டார். ஓகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கும் முதல் நாள், ரீச்சர் எங்களை வட்டமாக இருத்தி, விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். முதல் வருடம் என் முறை வந்தபோது நான் ஒஸ்லோக் கோயிலின் தேர்த் திருவிழாவைச் சொன்னேன். அடுத்த வருடமும் அதே தேரைச் சொன்னேன். மூன்றாவது தடவையும் அந்தத் தேரை இழுத்துக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வருடம் என்ன சொல்வது என்ற கவலை ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது.

நான் கவலைப்படுகிற பிள்ளை. நாலு வயதில் ஒஸ்லோவுக்கு வந்தவள். அதற்கு முந்தியது, ஊரில் இராணுவம் வரும்போதெல்லாம் அம்மா எனக்குச் செருப்பை மாட்டி இழுத்துக்கொண்டு ஓடியதுகூட, ஒன்றும் ஞாபகம் இல்லை, கவலை மட்டும் எப்படியோ கூட வந்துவிட்டது. வெஸ்ட்லியில் எங்கள் மாடிக்கு ஏறும் லிப்ட் இடையில் நின்றுவிடுமோ, மெட்ரோவில் அம்மா ஏறமுதல் கதவு பூட்டிவிடுமோ என்று எந்நேரமும் எதையாவது யோசித்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான், அதை விடுங்கள்.

அந்த வருடம், இரண்டாயிரத்தோராம் ஆண்டு என்று நினைக்கிறேன், எல்லிங்ஸ்ருட்டில் இருந்த சித்தப்பா ஒரு பழைய 'பூபில்' வாங்கினார். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிற வீடு அது. எங்கள் கட்டடத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, கற்பூரம் கொளுத்தினார். பல்கனிகளில் நின்று நாலைந்து நாட்டுக்காரர்கள் பார்த்தார்கள். சித்தப்பா ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி எல்லோருக்கும் கைகாட்டினார்.

"அண்ணை, உந்த மலையளை நாங்களும் ஒருக்காப் பாப்பம். வெள்ளையள் மட்டுமே போறது?"

"எங்கை படுக்கிறது?" என்றார் அப்பா. பூபிலுக்குள் சித்தப்பாவும் சித்தியும் கைக்குழந்தையும் படுத்தால் கால் நீட்ட இடம் இராது.

"உங்களுக்குக் கூடாரம்."

"கூடாரத்தை எங்கை அடிக்கிறது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. பிற்காலத்தில் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு, பள்ளிக்கூடத்தில் படித்ததில் உருப்படியாகப் பயன்பட்டது அந்த ஒரு பாடம்தான். இந்த நாட்டில் பயிர் செய்யாத நிலத்தில், காட்டிலோ மலையிலோ, யாரும் போய்க் கூடாரம் அடிக்கலாம். யாரையும் கேட்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நூற்றைம்பது மீற்றர் தள்ளி இருந்தால் சரி. இதை நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

"ஆரின்ரை காணி அது?"

"ஆரின்ரை எண்டாலும் பரவாயில்லையாம், அப்பா. எல்லாரும் படுக்கலாமாம்."

"ஆரின்ரையோ காணிக்குள்ளை கேக்காமல் போய்ப் படுக்கிறதோ? ஆர் சொன்னது?"

"ரீச்சர்."

"ரீச்சருக்குக் காணி இல்லைப் போலை" என்றார் அப்பா.

 கூடாரம் என்ற சொல் வந்தபோது எழுந்து குசினிக்குள் போன அம்மா, ரோல்ஸுக்குக் கிழங்கு அவிக்கத் தொடங்கினார். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கோடை விடுமுறையில் வடக்கே ரொன்டானே மலைகளுக்குப் போனோம். நோர்வே மலையென்றால் பச்சையும் அருவியுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே மழை குறைவு. மரங்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. அதற்கு மேலே கல், கல்லின் மேல் மஞ்சளும் சாம்பலுமாகக் காய்ந்த பாசி, அதற்கு மேலே காற்று. ஒரு பாலைவனத்தைத் தூக்கி உயரத்தில் வைத்த மாதிரி. சித்தப்பா பூபிலை வீதியோரச் சரளைக்கல் திடலில் நிறுத்தினார். நாங்கள் கூடாரத்தைச் சுமந்துகொண்டு மேலே ஏறினோம்.

அந்த வெளி முழுவதிலும் ஒரேயொரு சின்ன மரவீடு இருந்தது. அப்பா அதிலிருந்து அடி வைத்து அளந்து கூடாரத்தை அடித்தார். பிறகு சந்தேகம் வந்து, பிடுங்கி இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்தார். பிறகு பையைத் திறந்து, மடிப்புக் கலையாத சேட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் ஒரு தட்டில் ரோல்ஸ் வாங்கி, என்னைக் கூப்பிட்டார். "வா பிள்ளை, ஒரு சொல்லுக் கேட்டிட்டு வருவம்."

கதவைத் திறந்தவர் ஒரு கிழவர். எங்களையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அப்பா சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன்: அதோ அங்கே எங்கள் கூடாரம், மூன்று இரவு தங்க அனுமதி தர முடியுமா?

"என்னை ஏன் கேட்கிறீர்கள்? என்னுடையது இந்த வீடு மட்டும்தான்" என்றார் அவர்.

"என்னவாம்?"

"தன்னைக் கேக்கத் தேவையில்லையாம்."

"அது ஓம் எண்டோ, இல்லையெண்டோ?"

நான் திரும்பக் கேட்டேன். கேட்கத் தேவையில்லை என்று அவர் திரும்பச் சொன்னார். அப்பா தட்டை நீட்டியபடி அசையாமல் நின்றார். கடைசியில் கிழவர் ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு, எங்களிடமிருந்து தப்புவதற்காகவே, "ஓம், ஓம், தாராளமாக" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சித்தப்பா கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை, நீங்கள் இந்த நாட்டுச் சிற்றிசன். இன்னும் தட்டோடை திரியிறியள். ஆரும் வந்தால் என்னட்டை அனுப்புங்கோ, நான் கதைக்கிறன்."

எனக்கு ஆறுதல் வரவில்லை. ஓம் சொன்னவருக்குக் காணி இல்லை. காணிக்காரர் யாரென்று தெரியவில்லை. அவர் வந்து எழுப்பிவிட்டால் ஓகஸ்டில் வகுப்பில் என்ன சொல்வேன்? மலைக்குப் போனோம், துரத்திவிட்டார்கள் என்றா? அதைவிடத் தேரே மேல்.

அடுத்த நாள் காலை, சித்தப்பா மேலே வந்து எங்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கோப்பையை வைத்தார்.

"அண்ணை, யூனிபோமோடை ஒராள் வருது."

உண்மைதான். தொப்பி, தோளில் பட்டி, கழுத்தில் தொலைநோக்கி. சரிவில் நேராக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். "நான் கதைக்கிறன்" என்று சொன்ன சித்தப்பா மறுபக்கச் சரிவால் இறங்கிப் போனார். சற்று நேரத்தில் கீழே பூபிலின் இன்ஜின் உறுமத் தொடங்கியது.

அம்மா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் என்னைப் பிடித்து இருத்தி, சப்பாத்தைப் போட்டு, லேஸை இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டினார். பிறகு தேத்தண்ணியைக் கொட்டி, கேத்திலைப் பைக்குள் வைத்து, கூடாரத்தின் ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அடிப்பதற்கு அப்பாவும் சித்தப்பாவும் ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டிய கூடாரம் அது. அம்மா ஒரு பக்கத்தைப் பிடுங்கி மற்றப் பக்கம் போய்விட்டார்.

"இஞ்சேரும்" என்றார் அப்பா. "விடும்."

"ஆள் கிட்ட வந்திட்டுதப்பா."

"வரட்டும். பிடுங்காதையும்."

அப்பா சேட்டு மாற்றவில்லை. பெனியனோடு, பாதி சரிந்த கூடாரத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் மொழிபெயர்க்க ஓடினேன். கையால் என்னைப் பின்னுக்குத் தள்ளினார். அப்பா ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்தவர். அவருடைய நோர்வே மொழி, சரி, முடிந்தது, நாளைக்கு வாறன் என்ற அளவில் இருந்தது. அவர் அதில் ஒரு முழு வசனம் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

வந்தவர் காலை வணக்கம் சொல்லி வாயைத் திறக்கமுதல் அப்பா தொடங்கிவிட்டார். வீடு அங்கே. நான் அளந்தேன். நூற்றைம்பதுக்கு மேல். நெருப்பு இல்லை, காஸ் அடுப்பு. குப்பை பைக்குள். என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். நாங்கள் இங்கே நிற்கலாம். நாங்கள் நிற்கிறோம்.

சொற்கள் இடம் மாறிக் கிடந்தன. ஒவ்வொரு வசனமும் நொண்டியது; ஒன்றும் விழவில்லை. கடைசி வசனத்தை அப்பா இரண்டு தரம் சொன்னார்.

அந்த மனிதர் சரிந்த கூடாரத்தையும், கையில் ஆணிகளோடு நின்ற அம்மாவையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "நிச்சயமாக நிற்கலாம்" என்றார். "உங்களை யார் போகச் சொன்னது? நான் இந்த மலையின் வனக்காவலர், ஒரு உதவி கேட்கத்தான் வந்தேன். அந்த முகட்டுக்குப் பின்னால் காட்டு மான்கள் குட்டிகளோடு நிற்கின்றன. இந்தப் பக்கமாக இறங்கும்போல இருக்கிறது, கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் நல்லது. கீழே நிற்கும் வண்டி உங்களுடையதா? அந்த இன்ஜினை நிறுத்த முடியுமா? சத்தத்துக்கு அவை வரமாட்டா."

அப்பாவுக்கு விளங்கிவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னவர்?"

"நிக்கலாமாம், அப்பா."

"ஒருக்காத் திருப்பிச் சொல்லு."

"நாங்கள் நிக்கலாமாம்."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு கீழே பார்த்து, மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "டேய்! இன்ஜினை நிப்பாட்டு! நாங்கள் ஒரு இடமும் போகேல்லை!"

சத்தம் போடாதீர்கள் என்று சொல்லத்தான் அந்த மனிதர் வந்திருந்தார்.  இன்ஜின் நின்றது. அதற்குப் பிறகு அந்த மலையில் இருந்த அமைதியை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

அம்மா ஆணிகளை மறுபடி ஒவ்வொன்றாக அடித்தார். அந்த மனிதருக்கு அப்பா ரோல்ஸ் கொடுத்தார். இந்த முறை எதற்காகவும் இல்லை, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். நெடுநேரம் கழித்து முகட்டில் சில கற்கள் அசைந்தன. பிறகு கற்களுக்குக் கொம்பு முளைத்தது. மான்கள் எங்களைப் பொருட்படுத்தாமல் வரிசையாக இறங்கிப் போயின. எல்லோரும் மான்களைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். பெனியனோடு, இடுப்பில் கையை ஊன்றி, அந்தக் காணி முழுவதும் தன்னுடையது என்பதுபோல நின்றார். ஒருவிதத்தில் அது உண்மையும்தான், ரீச்சர் சொல்லியிருந்தார்.

மூன்று இரவும் தங்கினோம். திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா, பற்றறி இறங்கிவிடாமல் இருக்கத்தான் இன்ஜினை ஓடவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சித்தி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஓம், ஓம், தாராளமாக" என்றார்.

ஓகஸ்டில் என் முறை வந்தது. நான் எழுந்து நின்று, மான்களை விட்டுவிட்டு, யூனிபோம் போட்ட ஒருவரிடம் என் அப்பா நாங்கள் போகமாட்டோம் என்று சொன்னதைச் சொன்னேன். யாரும் வியக்கவில்லை. "ஆம், அது எல்லோருக்கும் உள்ள உரிமை" என்று ரீச்சர் சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயம் இவர்களுக்கு ஏன் விளங்கவில்லை என்று நினைத்தேன். அது ஏன் பெரிய விஷயம் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திராது. பெருமை மட்டும் நெஞ்சு முட்ட இருந்தது. இன்றைக்கும் அப்பாவை நினைத்தால் முதலில் அந்தப் பெனியன்தான் கண்முன்னே வருகிறது.

அன்று விளங்காத இன்னொன்றும் இருந்தது. மான்கள் போன பிறகு அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில், "பிள்ளையின்ரை சப்பாத்தைக் கழட்டிவிடும்" என்றார். அம்மா என் முன்னால் முழங்காலில் இருந்து, தான் போட்ட முடிச்சுகளை அவிழ்த்தார். இறுகிப்போன இரட்டை முடிச்சு, நேரம் எடுத்தது. எனக்கு அப்போது பத்து வயது. லேஸ் கட்டவும் அவிழ்க்கவும் எப்போதோ பழகியிருந்தேன். அம்மா என் வயதை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.