மெற்றில்டா சொல்ல மறுத்த ‘வேண்டாம்’

கடந்த திங்கட்கிழமை காலை, மருந்து கொடுக்கும் யன்னலில் கிளினிக் கொப்பியை நீட்டிய ஒரு பெரியவர், “உங்கட மெற்றில்டா மிஸ் போயிற்றாவாமே, மெய்யா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னோடு சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர் எப்படிச் சாவார்? பெரியவர் விடவில்லை. “புளியந்தீவுக் கோயில்ல துக்க மணி அடிச்சது மனே. விடியக்க நெஞ்சு நோகுதெண்டு இருந்தவவாம், அப்பிடியே போயிற்றா” என்றார். அவருக்குரிய குளிசைகளைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மெற்றில்டாவின் அறை பூட்டியிருந்தது.

அடக்கத் திருப்பலியின் முடிவில் பேசியவர்கள் அவரை அமைதியின் வடிவம் என்றார்கள். கேட்டவுடன் உதவுகிறவர் என்றார்கள். அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இரண்டும் பொய். செத்தவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக ஆளையே மாற்றிவிடுவதா? மெற்றில்டா வாய்காரி. கேட்டவரைத் திருப்பிக் கேள்வி கேட்காமல் அவர் ஒருவருக்கும் ஒரு பதிலும் கொடுத்ததில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் மருந்தாளர்கள். நான் மருந்து கொடுப்பேன். அவர் மருந்தைப் பற்றி வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அதற்கென்று ஒரு சின்ன அறை, ஒரு தொலைபேசி, ஒரு கணினி, தலையணை மொத்தத்தில் சில புத்தகங்கள். வாட்டிலிருந்து டொக்டர்மார் கேட்பார்கள், தாதிமார் கேட்பார்கள், வெளியே மருந்துக்கடை வைத்திருப்பவர்களும் கேட்பார்கள். ஒருமுறை ஒரு டொக்டர் அவசரத்தில், “மிஸ், இந்த ரெண்டு மருந்தையும் சேத்துக் குடுக்கலாமா? ஓமா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க” என்றார். மெற்றில்டா கேட்டார்: “ஆருக்கு? வயசென்ன? சிறுநீரகம் எப்பிடி? ஓமா இல்லையா எண்டு மட்டும் தெரியோணுமெண்டா காசு சுண்டிப் பாருங்க சேர்.” அந்த டொக்டர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டு, சிறிது நேரத்தில் நோயாளியின் விபரங்களோடு மறுபடி எடுத்தார். மெற்றில்டா ஒரு புத்தகத்தில் கண்டதை இன்னொன்றில் ஒத்துப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டார். எழுதியவர் யார், எப்போது எழுதினார், எப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்து எழுதினார் என்பதெல்லாம் வேண்டும். பதில் தாமதமாகிறது என்று மேலிடத்தில் முறைப்பாடும் போனது. “பிழையான பதில் கெதியா வேணுமெண்டா போன்ல தேடுங்க” என்று மேலிடத்துக்கும் அவர் சொன்னார்.

இனி நான் சொல்லப்போவது என் சொந்த வீட்டுக் கதை. சித்தாண்டியில் இருக்கும் என் அக்காவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மகன் பிறந்த வருடத்திலிருந்து கந்தசஷ்டி விரதத்தை விடாமல் பிடிப்பவர். ஆறு நாளும் பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும்தான், இரவுப் பூசைக்குப் பிறகு ஒரு நேரச் சாப்பாடு. சீனி வருத்தம் வந்த பிறகு நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சரி என்று தலையாட்டினார். ஒரு வருடம் எனக்குத் தெரியாமல் விரதமும் பிடித்து, வெறும் வயிற்றில் காலைக் குளிசையையும் விழுங்கி, கோயில் வீதியில் நினைவில்லாமல் விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்து குளுக்கோஸ் ஏற்றித்தான் மீட்டார்கள். அடுத்த சஷ்டிக்கு முன் அக்கா என்னிடம் வரவில்லை. என்னைத் தாண்டி நேரே மெற்றில்டாவின் அறைக்குப் போய், விரத நாளில் குளிசையை எப்படிப் போடுவது என்று கேட்டுவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “விரதம் பிடிக்கவேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லி அனுப்புங்க, நீங்க சொன்னா கேப்பா” என்றேன். மெற்றில்டா தலை நிமிராமல் என் பெயரைச் சொல்லி, “தவம், அவ கேட்டது அதில்ல” என்றார். கிளினிக்கில் இருந்த டொக்டரும் என் பக்கம்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், கடவுள் விசயத்தில் ஆஸ்பத்திரி ஏன் தலையிட வேண்டும் என்று கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில் இது: “வயித்துக்குள்ள குளிசை போறது எங்கட விசயம் சேர். வயித்துக்குள்ள வேற ஒண்டும் இல்லையெண்டதும் எங்கட விசயம்தான். நீங்க வேண்டாமெண்டு சொன்னா அவ விரதத்த விடமாட்டா. எங்களிட்டச் சொல்றதத்தான் விடுவா.”

பிறகு தேடத் தொடங்கினார். சஷ்டி விரதத்தையும் சீனிக் குளிசையையும் சேர்த்து எழுதிய ஒரு வரியும் அவருக்கு அகப்படவில்லை. ஆனால் முஸ்லிம்களின் நோன்பைப் பற்றி நிறைய இருந்தது. அதைக் கண்டவுடன் நானென்றால் பாய்ந்து எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் இரண்டு விரதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நோன்புக்காரர் விடியுமுன் சாப்பிடுகிறார், அக்கா சாப்பிடுவதில்லை. நோன்புக்காரர் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை, அக்கா குடிக்கிறார். அப்படியிருக்க அந்தப் பதிலை இந்த ஆளுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்றார். காத்தான்குடியில் மருந்துக்கடை வைத்திருந்த, தனக்குத் தெரிந்த முஸ்லிம் நானா ஒருவரை அழைத்தார். அவர் சிரித்துக்கொண்டு, “புத்தகத்தில இருக்கிறது கிடக்கட்டும் மிஸ். எங்கட ஆக்கள்ள சிலபேர் பகல் விட்ட குளிசையையும் சேத்து நோன்பு திறக்கக்க விழுங்கிப்போட்டு மயங்குறாங்க. முதல்ல அதக் கேளுங்க” என்றார்.

மெற்றில்டா அக்காவிடம் கேட்டார். “ஓம் மிஸ், அப்பிடித்தானே செய்ய நினைச்சிருந்தன், காலைக் குளிசையையும் சேத்து இரவைக்குப் போட்டாச் சரிதானே?” என்றார் அக்கா. நான் பக்கத்தில்தான் நின்றேன். இத்தனை வருடமாக நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதில் இந்த ஒரு கேள்வி எங்கே இருந்தது?

அதோடும் நிற்கவில்லை. தபசு காலத்தில் மீன் இறைச்சி தொடாத அந்தக் கத்தோலிக்க மனுசி, அக்கா போகும் கோயிலின் ஐயரையும் தொலைபேசியில் பிடித்தார். சீனி குறைந்தால் விரதத்தை இடையில் முடிக்கலாமா என்று கேட்டார். வருத்தக்காரருக்கு அதில் குற்றமில்லை என்று ஐயர் சொன்னதும், அதை அக்காவிடமே நேரில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். டொக்டரோடு இன்னொரு சண்டை பிடித்து அந்த ஆறு நாளைக்கும் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதுவித்தார். விரலில் குத்திச் சீனி பார்க்கும் மெசினைப் பிடிக்கப் பழக்கினார். “இந்த எண்ணுக்குக் கீழ போனா ஒருத்தரையும் கேக்காதீங்க. சீனித் தண்ணியக் குடிங்க. முருகன்ட பேச்சு ஐயர் பொறுப்பு, உங்கட உயிர் என்ட பொறுப்பு” என்றார்.

சூரன்போர் அன்று நானும் சித்தாண்டிக்குப் போனேன், அக்கா விழுந்தால் தூக்க. மழை தூறிக்கொண்டிருந்தது. சனம் முழுக்கச் சூரனைப் பார்த்து ஆரவாரிக்கும்போது அக்கா ஒரு கடைத் தாழ்வாரத்தில் குந்தி விரலில் குத்தினார். எண்ணைப் பார்த்தார். என்னை ஏறெடுத்தும் பாராமல் பையிலிருந்த போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தார். நான் உடனே மெற்றில்டாவுக்குப் போன் எடுத்தேன்.

“பாத்தீங்களா? விரதம் முறிஞ்சிற்று. நான் அப்பவே சொன்னனான்.”

“விழுந்தவவா?”

“இல்ல.”

“போன வருசம்?”

“விழுந்தவ.”

“அப்ப மறுகா என்ன?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த விடயத்தில் நான் இன்னும் தோற்கவில்லை. சீனி வருத்தக்காரர் விரதம் பிடிக்கக்கூடாது என்பதே என் கட்சி. அந்தக் கடைசி வெள்ளிக்கிழமையும் அதைத்தான் சொன்னேன், அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னை வெல்ல விடாமலே போய்விட்டார். அதை நினைத்தால் ஆத்திரமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

சேமக்காலையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அக்கா என் கையைப் பிடித்தார். முகம் அழுது வீங்கியிருந்தது. “தம்பி, சஷ்டி வருது. கிளினிக்கில குளிசைய மாத்திப்போட்டாங்க, இது வேற. முந்தி மிஸ் சொன்ன மாதிரியே செய்யவா?” என்றார்.

மெற்றில்டாவின் பதில் பழைய குளிசைக்கானது. புதியதற்கு அது செல்லாது, அதை அவரே முதலில் சொல்லியிருப்பார். அந்த அறைக்கு இனி ஆள் தேவையா என்று மேலே யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும். அந்த அறைப் பூட்டின் திறப்பை நான் வாங்கிவிட்டேன், திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. மெற்றில்டாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பதில்களை அல்ல, அவர் உட்கார்ந்த கதிரையையும் அதிலிருந்து பிடிக்க வேண்டிய சண்டைகளையும்.

“அப்பிடிச் செய்யாத. புதுக் குளிசையக் கொண்டு வந்து காட்டு” என்றேன்.

“நீ வேண்டாமெண்டுதானே சொல்லுவாய்?”

“சொன்னாலும் சொல்லுவன். தேடிப் பாத்துப்போட்டுத்தான் சொல்லுவன்.”