க்ளோஸ்டு என்று ஒரு பதில்

'க்ளோஸ்டு' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். கடை வாசலில் தொங்கும் பலகையைச் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், ஒரு பிடிஎஃப் கோப்பில் யாராவது குறை எழுதினால் குறை தீர்ந்தது என்று அதற்கு அடியில் பதிலாக வந்து விழும் சொல் அது. இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்குப் பாகம் செய்யும் சின்ன கம்பெனி. எந்த மெஷினை எப்படி ஓட்ட வேண்டும் என்று படத்தோடு பக்கங்கள் தயாரித்து, எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் அனுப்பி, கமெண்ட் வாங்கித் திருத்துவது என் வேலை. ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் இருந்தால்தான் கோப்பு வெளியே போகும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரை வாங்காமல் ட்ரையலிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக்குக் குறுக்கே 'ட்ரையல் வெர்ஷன்' என்று சாம்பல் நிற எழுத்து படுத்துக் கிடக்கும். ஒரு கஸ்டமர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அதன் பிறகு நானே ஒரு இலவச பிடிஎஃப் ரீடரை இறக்கிப் போட்டேன். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மஞ்சள் கட்டம் வைத்து எழுதலாம், வரியின் மேல் நிறம் பூசலாம், சிவப்பில் வட்டம் போடலாம், அடுத்தவர் கமெண்டுக்குக் கீழே பதில் போடலாம். எங்கள் ஆபீசில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது அது ஒன்றுதான்.

மனிதர்கள் லட்சணம் வேறு. ஸ்டோர்ஸ்காரர் எல்லாப் பக்கத்திலும் 'குட் ஒர்க் சார்' என்று எழுதி வைப்பார். தயாரித்தது நான், ஒரு பெண். இதில் சார் எங்கிருந்து வந்தாரோ. பர்ச்சேஸ்காரர் லோகோவை இடது பக்கம் நகர்த்தச் சொல்வார், நகர்த்தினால் அடுத்த சுற்றில் வலது பக்கம் கேட்பார். ப்ரொடக்ஷன் மேனேஜருக்கு அந்த ரீடரில் முத்திரை குத்தும் வசதி இருப்பது எப்படியோ தெரிந்துவிட்டது. 'அப்ரூவ்டு' என்று பச்சையாகக் கண்ட இடத்தில் எல்லாம் குத்தித் தள்ளினார். கை நசுங்கும் அபாயம் என்று போட்டிருந்த கைப்படத்தின் மேலும் ஒன்று. கையே தெரியவில்லை.

அந்த முத்திரையை நகர்த்தும்போதுதான் பக்கத்திலிருந்த போட்டோவைச் சரியாகப் பார்த்தேன். தகட்டை அழுத்தும் எங்கள் ப்ரெஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் பாரம் இறங்க வேண்டும். அப்போதுதான் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. போட்டோவில் இடது பட்டனை அமுக்கி, மேலே பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. வலது கை அழுத்த, இடது கை தகட்டை உள்ளே வைக்கும். உருப்படி வேகமாக வரும். பாதுகாப்புப் பக்கத்துக்கு என்று அவர்களே எடுத்துக் கொடுத்த போட்டோ அது. மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத அளவுக்கு அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது.

மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிய அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். வள்ளூரிலிருந்து கம்பெனி வேனில் வரும் அக்காவுடையது. நான் பொன்னேரியில் ஏறி அவர் பக்கத்தில்தான் உட்காருவேன்.

"பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"பயந்துகினு இருந்தா டார்கெட்ட யாரு முடிக்கிறது? டேப்ப எடுத்தா சூப்பர்வைசர் கத்துறான். பேஜாரு. நீ ஆபீஸ்லதான கீற, எழுத்துல போடும்மா."

போட்டேன். டேப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் மஞ்சள் கட்டம். 'இடது பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருக்கிறார்கள். கை உள்ளே இருக்கும்போதே ப்ரெஸ் இறங்கும். டேப்பை எடுக்க வேண்டும்.'

கமெண்ட் காணாமல் போனது. என் கம்ப்யூட்டர், ஒரகடத்துக்கு வேலை மாறிப் போன ஒருவருடையது. லாகின் இன்னும் அவர் பேரில்தான். அதனால் நான் எழுதுவதெல்லாம் அவர் எழுதியதாகக் காட்டும்.

"போனவரு கமெண்டுக்கு யாரும்மா பதில் சொல்றது? அதான் க்ளீன் பண்ணிட்டேன்" என்றார் மேனேஜர்.

"எழுதுனது நான் சார்."

"பேரு அவருதுல்ல இருக்குது?"

எழுதியது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். க்ளீன் என்று சொன்ன வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சீட்டுக்கு வந்து, ரீடரின் செட்டிங்கில் வேலை மாறிப் போனவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அதே கமெண்டை அதே இடத்தில் மறுபடி எழுதினேன். வேலையில் இருக்கும் ஆளின் பெயரில் வந்தால் பதில் சொல்லாமல் முடியாது. சாயங்காலமே பதில் வந்தது.

'போட்டோ மாற்றப்பட்டது. க்ளோஸ்டு.'

அன்றைக்கு என்ன நடந்தது என்று அக்கா வேனில் சொன்னார். "டேப்ப எடுத்தாங்களா, நீ எழுதுனது வேல செஞ்சிடுச்சின்னு நெனச்சேன். ரெண்டு கையும் வெக்க சொல்லி போட்டோ புடிச்சாங்க. நான் எழுந்திரிக்கறதுக்குள்ள திரும்ப ஒட்டிட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி எழுதினேன். 'டேப் இருப்பது போட்டோவில் அல்ல, மெஷினில். ஆபரேட்டரின் கைக்கு ஆபத்து.' இந்த முறை பதில் வர நாளானது. முத்திரையோடு வந்தது.

'ஆபரேட்டர் மாற்றப்பட்டார். க்ளோஸ்டு.'

திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை.

அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். மறுநாள் வேனில் எனக்காக ஜன்னல் ஓரத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நாஷ்டாவுக்குக் கொண்டு வந்த வடையில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"உன்னாலதாம்மா என் கை தப்பிச்சிது. எங்க ஊட்டுல எல்லாருக்கும் சொல்லிக்கீறேன்."

"அந்த மெஷின்ல இப்ப யாருக்கா?"

"யாரோ புதுசு. பள்ளிப்பட்டுப் பக்கமாம்" என்றவர், விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். "நாம இன்னா பண்றது, சொல்லு?"

அவர் மேல் ஒரு நிமிடம் வெறுப்பு வந்தது. அவரைச் சொல்லி என்ன. அவருக்குக் கை மிஞ்சியது. வடையைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

ஆபரேட்டர் மாறியதால் பாதுகாப்புப் பக்கத்தில் போட்டோவும் மாற வேண்டுமாம். மேனேஜர் என்னையே போய் எடுத்து வரச் சொன்னார். சந்தோஷமாகக் கிளம்பினேன். டேப்போடு எடுக்க வேண்டும், மேனேஜர் கேட்டு வாங்கிய போட்டோவிலேயே என் பேரில் சிவப்பு வட்டம் போட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குள் போனேன்.

புதுப் பெண் எனக்குத் தங்கை வயது. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாளாம். இடது கை தகட்டை உள்ளே வைப்பதும் வலது கை பட்டனைத் தட்டுவதுமாக நல்ல வேகம். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"எங்க நைனாகிட்ட சொல்லிட்டேன்க்கா. வந்த ஒடனே பெரிய மெஷின்ல ஒக்கார வெச்சிட்டாங்கன்னு."

போனை எடுத்தேன்.

"போட்டோவா? இருங்கக்கா, இருங்க."

நான் வேண்டாம் என்பதற்குள் இடது பட்டனில் இருந்த டேப்பைச் சரக்கென்று உரித்தாள். அதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டைக் காலரைச் சரி செய்து, இரண்டு கையையும் இரண்டு பட்டன் மேல் பாந்தமாக வைத்துக்கொண்டு என் போனைப் பார்த்தாள். முடிந்ததும் திரும்ப ஒட்ட வேண்டுமே என்று, உரித்த டேப்பை இடது கை விரல் நுனியில் ஒட்டி வைத்திருந்தாள்.