எண்பத்துநான்கு மட்டிப்பழப் படங்கள்

கணினித் திரையில் முதலில் வந்து நின்ற மட்டி வாழைப்பழச் சீப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மேல்வரிசையில் ஏழு, கீழ்வரிசையில் ஆறு. தோல் நல்ல மஞ்சள், காம்போரம் மட்டும் இளம்பச்சை, ஒரு கரும்புள்ளிகூட இல்லை. படத்துக்குக் கீழே மூன்று கட்டங்கள்: காய், செங்காய், பழம். மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாதி பழுத்தது என்ற தீர்மானத்தோடு செங்காயைத் தொட்டேன். இவ்வளவு எளிய காரியத்தில் ஒரு பெண்ணின் முதுநிலைப் பட்டமும் என் மகனின் குடித்தனமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வழக்கமாக இப்படிப்பட்டவை எனக்கு முன்கூட்டியே தோன்றிவிடும்.

மருமகள் தரவு அறிவியலில் முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த படிப்பு. மகனுக்குப் பெங்களூரில் வேலை. ஆய்வேட்டைக் கொடுத்த பிறகுதான் அவனோடு போய் இருப்பது என்று ஏற்பாடு. அதுவரை நாகர்கோவிலில் எங்களோடு. புகைப்படத்தைப் பார்த்தே வாழைப்பழம் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று கணினி சொல்ல வேண்டும், அதுதான் அவளுடைய ஆய்வு. சந்தைக்கு அலைந்து முந்நூறு படம் எடுத்திருந்தாள். ஆனால் கணினிக்கு முதலில் மனிதர் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். ஒருவர் சொன்னால் போதாது. இரண்டு பேர், ஒருவரையொருவர் கேட்காமல், ஒரே படங்களைத் தனித்தனியே பார்த்துச் சொல்ல வேண்டும். இருவர் விடையும் பெரும்பாலும் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும் என்று அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"மாமா, நீங்கதான் எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே இருப்பீங்கல்லா, ஒரு ஆளு நீங்க. இன்னொரு ஆளு எங்க அப்பா" என்றாள். எண்ணுவது உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரரின் இருமலைக்கூட எண்ணுகிறவன் நான். அவர் நலத்துக்காகத்தான்.

அவளுடைய அப்பா, அதாவது என் சம்பந்தி, தக்கலையில் துணிக்கடை வைத்திருந்தவர். பெரிய மரியாதைக்காரர். நானும் அதில் குறைந்தவன் இல்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தியின் பேச்சை மறுப்பது, அவர் முன்னால் போட்ட இலையை எடுப்பதற்குச் சமம். ஆகவே நாங்கள் சந்தித்தால் ஒருவர் சொல்வதற்கு இன்னொருவர் ஆமாம் போடுவோம். இரண்டு பேரும் ஆமாம் போட்டு முடிந்ததும் பேச ஒன்றும் மிஞ்சாது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் இங்கேயும் அவர் தக்கலையிலுமாக முந்நூறு படங்களையும் பார்த்து முடித்தோம். எண்பத்துநான்கில் எங்கள் விடை ஒத்துப்போகவில்லை. மருமகளின் முகம் வாடிவிட்டது. திங்கட்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் அடுத்த பருவத்தில்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும் என்று பேராசிரியை சொல்லிவிட்டாராம். மகன் போனில் கூப்பிட்டு, "அப்பா, இங்க வீடு பிடிச்சு அட்வான்ஸும் குடுத்தாச்சு. ஒரு வாழப்பழத்த ஒழுங்கா பாத்துச் சொல்லப்பிடாதா?" என்றான். எத்தனை பேர் இந்த வயதில் வாழைப்பழத்துக்காகத் திட்டு வாங்கியிருப்பார்கள்!

அந்த எண்பத்துநான்கை மட்டும் இருவரும் மறுபடி கவனமாகப் பாருங்கள், ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்றாள் மருமகள். நான் பார்த்தேன். அத்தனைக்கும் நான் செங்காய் போட்டிருந்தேன். அப்படியானால் சம்பந்தி பழம் என்று போட்டிருப்பார். எங்கள் வீட்டில் கரும்புள்ளி விழுந்தால்தான் பழம். அவர் வீட்டில் மஞ்சளானாலே பழம் போலிருக்கிறது. பெண்ணைக் கொடுத்த மனிதர். அவர் பழம் என்று சொன்னதை இல்லை என்று சொல்ல நான் யார்? ஒன்றுவிடாமல் எண்பத்துநான்கையும் பழம் என்று மாற்றினேன். சரியாக மாற்றினேனா என்று இன்னொரு முறை எண்ணியும் பார்த்தேன். அன்று முழுவதும் என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மருமகள் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "மாமா, இப்பவும் எண்பத்துநாலுதான் ஒத்துப்போகல்ல."

சம்பந்தி அத்தனையையும் செங்காய் என்று மாற்றியிருந்தார்.

"கல்யாணப் பந்தியில 'நீங்க இருங்க, நீங்க இருங்க'ன்னு ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருந்து சாம்பாரு ஆறிப்போச்சுல்லா, அதே சூக்கேடுதான் இது" என்றாள் என் மனைவி. "இதுக்கு டாக்டரு கெடையாது."

ஒத்துப்போகாத படங்களை இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யலாம் என்று பேராசிரியை கடைசியாக ஒரு வழி விட்டார். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி தக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார். முதல் படம் வந்தது. "சம்பந்தி சொன்னா சரிதான்" என்றார். "சேச்சே, நீங்க சொல்லுங்க" என்றேன். இரண்டாவது படத்துக்கும் அதுவே. மூன்றாவதுக்கு மருமகள் எழுந்துவிட்டாள்.

"அப்பா! மாமா! ஒங்க மரியாதைய செருப்போட வெளிய விட்டுட்டு வாங்க. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம நான் பெங்களூரு போக முடியாது." கண்ணில் தண்ணீர் நின்றது.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "அப்பம்… எனக்கு இது பழமாக்கும்."

"புள்ளி எங்க இருக்கு?" என்றேன், மெதுவாகத்தான்.

"புள்ளி விழுந்தா அது பழமா? மாட்டுக்குல்லா போடணும்."

சுருக்கென்றது. அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் புள்ளி விழுந்த பழமாகத் தேடி வாங்கித் தட்டில் வைத்தவன் நான். "அப்பம் இங்க வந்து நீங்க தின்னதெல்லாம்?"

"மாட்டுக்குப் போட வேண்டியத மரியாதைக்குத் தின்னேன்!"

"நான் மட்டும் என்னவே? உம்ம வீட்டுல வச்சதெல்லாம் தொண்டைய அடைக்கிற செங்காய். அமிர்தமா இருக்குன்னு சொன்னேம்லா!"

"அமிர்தம்னு சொன்னீரு, அதனாலதான் மேலும் ரெண்டு வச்சேன்வே!"

அதன்பிறகு தடையில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் இருமலை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். மருமகள் மட்டும் நிம்மதியாகக் குறித்துக்கொண்டே வந்தாள். கடைசியில், காம்போரம் பச்சை இருந்தால் செங்காய், இல்லாவிட்டால் பழம் என்று ஒரு விதிக்கு வந்தோம். அதன்படி எனக்கு நாற்பத்தொன்று, அவருக்கு நாற்பத்துமூன்று. நான் இரண்டு முறை எண்ணினேன். அவர் எண்ணாமலே ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாள். அதில் எங்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினாள்: 'கருத்து வேறுபாடு எழுந்த படங்கள், மதிப்பீட்டாளர் இருவரின் கலந்துரையாடல் மூலம் தீர்க்கப்பட்டன.' என் மனைவி சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

பட்டம் கிடைத்து மருமகள் பெங்களூருக்குப் போய்விட்டாள். அவள் இல்லாவிட்டாலும் சம்பந்தி இப்போது அடிக்கடி வருகிறார். முன்பெல்லாம் அவர் வந்துபோன பிறகு என்ன பேசினார் என்று மனைவி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது அவர் சொன்ன ஒவ்வொன்றும் நினைவில் நிற்கிறது. அடுத்த முறை வரும்போது பதில் சொல்ல வேண்டுமே.