பாதி மூடிய கண்கள்

உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு. "இது நல்லாருக்கு." அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எக்ஸ்ரே அக்காவுக்கு முதல் வேலை இதுதான்.

மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக எலும்புகளைப் படமெடுப்பவர். வீட்டில் அவர் சேர்ப்பது பழைய ஜப்பானிய கார்ட்டூன்களின் கண்ணாடித்தாள்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாள், கையால் வண்ணம் தீட்டியது. நூற்றுப் பன்னிரண்டு வைத்திருக்கிறார். எல்லா முகங்களிலும் கண் மூடியிருக்கும், அல்லது பாதி மூடியிருக்கும். "கண் தொறந்த மூஞ்சிக்குத்தான் கிராக்கி. இமைக்கிற நேரத்துப் படத்த எவனும் சீண்ட மாட்டான். எனக்கு அதான் கட்டுப்படியாகும்."

வயதானால் இந்தத் தாள்களில் வினிகர் வாடை வரும். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதற்குத்தான் இந்த மோப்பம்.

"நீ மோப்ப நாய் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கலாம்க்கா," என்பார் கூடவே வசிக்கும் தம்பி, முகம் நிறைய ஷேவிங் நுரையோடு.

அன்று ஒரு தாளில் அக்காவின் மூக்கு நின்றுவிட்டது. மறுபடி முகர்ந்தார். தம்பியிடம் நீட்டினார். அவர் முகம் சுளித்தார்.

ரயில் ஜன்னலில் கையசைக்கும் சிறுமி. சின்ன வயதில் பக்கத்து வீட்டு டிவியில் இருவரும் விடாமல் பார்த்த தொடரின் கடைசிக் காட்சி. அது வந்த அன்றைக்குப் பார்த்து அக்காவுக்குக் காய்ச்சல். தம்பி ஓடிவந்து, கட்டில் கால்மாட்டில் நின்று நடித்துக் காட்டியிருக்கிறார். "இவன் காட்டினதுல அந்தப் பொண்ணுக்கு மூக்கு ஒழுகிச்சு," என்கிறார் அக்கா. முப்பது வருடம் கழித்து, அந்தக் காட்சியிலிருந்து ஒரே ஒரு இமைப்பு அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

"மத்ததெல்லாம் போயிடும்க்கா. தூக்கிப் போடு."

"உன்னையே இன்னும் தூக்கிப் போடல. இதப் போடுவனா?"

அதை மட்டும் தனியே எடுத்தார். காற்றுப் பட்டால் வாடை கொஞ்சம் தணியும். வெயில் பட்டால் வண்ணம் வெளுக்கும். அந்த வீட்டில் இரண்டும் வருவது ஒரே ஜன்னல் வழியாக. திரையை இழுத்தால் காற்றும் நின்றுவிடும்.

ஜன்னலைத் திறந்து, எதிரே மேசைமேல் தாளை வைத்தார். வெயில் விழும் பக்கமாக முதுகைக் காட்டி நின்று, தன் நிழல் சிறுமியை முழுக்க மூடுகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு, வெயில் நகர நகர, அரையடி அரையடியாக அவரும் நகர்ந்தார்.